திருத்தியும் கோணலாக நிற்கும் மூளைப் படம்: அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிக்க

கோத்தகிரியில் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து எம்.ஆர்.ஐ. தரவைச் சீர்செய்து கொடுப்பது என் பிழைப்பு. ஸ்கேன் எடுக்கப்படுவது கோயம்புத்தூரில். கோணல் நிமிர்வது மலைமேல். ஆடிக் காற்றில் மரம் சாய்ந்து மின்கம்பி அறுந்துபோகும் நாட்களைத் தவிர வேலை ஓடிக்கொண்டிருக்கும், தொலைபேசியும் ஓயாது. அழைப்பவர்கள் பெரும்பாலும் ஆராய்ச்சி மாணவர்கள். "அக்கா, திருத்தம் போட்டுவிட்டேன், நெற்றி இன்னும் நசுங்கித்தான் இருக்கிறது" என்று ஆரம்பிப்பார்கள். ஒரே பதிலை ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டதால் எழுதிவைத்துவிட்டேன்.

இது ஈ.பி.ஐ. என்ற அதிவேக முறையில் எடுத்த டிஃப்யூஷன் படங்களுக்கும் (மூளைக்குள் நீர் பரவும் விதத்தைக் காட்டுபவை) செயல்பாட்டு எம்.ஆர்.ஐ. படங்களுக்கும் (மூளை வேலை செய்வதைக் காட்டுபவை) மட்டுமே. அவற்றில் காந்தப்புலம் பிசகும் இடங்களில் படம் ஃபேஸ் திசையில் (தரவை வரி வரியாகச் சேகரிக்கும் அச்சில்) இழுபடும் அல்லது நசுங்கும். மூக்குக் குழிக்கு மேலேயும் காதுத் துவாரங்களுக்கு அருகிலும் அது கண்ணில் படும். அதை நிமிர்த்த மென்பொருளுக்கு நாம் கொடுக்கும் எண்கள் மூன்றுதான்: மொத்த ரீட்அவுட் நேரம், அதாவது ஒரு வெட்டின் (ஒரு தளப் படத்தின்) வரிகளைப் படிக்க ஆகும் நேரம் (அல்லது அதன் உடன்பிறப்பான எக்கோ இடைவெளி, ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையிலான நேரம்), ஃபேஸ் திசையின் குறி, ஃபீல்டு மேப் (காந்தப்புலப் பிசகை அளந்த வரைபடம்) முறையாக இருந்தால் இரண்டு எக்கோ நேரங்களின் வித்தியாசம். என்னிடம் வந்த கோணல்களில் மிகப் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்றைத் தவறாகப் புரிந்துகொண்டதால் வந்தவை. மென்பொருளைத் திரும்ப நிறுவுவதற்கு முன் இதை நினைவில் வையுங்கள்.

தொடங்கும்முன் கையில் இருக்கவேண்டியவை: ஸ்கேனரிலிருந்து நேரடியாக வந்த டைகாம் கோப்புகள், அவற்றை ஆய்வு மென்பொருள் படிக்கும் நிஃப்டி வடிவுக்கு மாற்றும்போது டி.சி.எம்.2நிக்ஸ் என்ற மாற்றி எழுதிக்கொடுத்த ஜேசன் கோப்பு (ஸ்கேன் விவரங்களின் உரைப் பட்டியல்), ஸ்கேனர் திரையிலிருந்து எடுத்த நெறிமுறை (ஸ்கேன் அமைப்புகள்) அச்சு. மூன்றாவது இல்லாமல் வேலையை ஆரம்பிக்காதீர்கள் என்று சொல்லத்தான் ஆசை. சொன்னால் யாரும் ஆரம்பிக்கவே மாட்டீர்கள்.

அறிகுறி: திருத்திய படம் முன்னைவிட மோசமாக இருக்கிறது

நெற்றிப் பக்கம் சற்று நசுங்கியிருந்தது, திருத்திய பின் ஏறத்தாழ இருமடங்கு நசுங்கிவிட்டது. இப்படி இருந்தால் குறியைப் பாருங்கள். கல்லாறிலிருந்து குன்னூருக்கு ஏறும் ரயிலும் இறங்கும் ரயிலும் ஒரே தண்டவாளத்தில்தான் ஓடுகின்றன; எந்தப் பக்கம் போகிறது என்பதை நாம்தான் சொல்லவேண்டும். ஜேசன் கோப்பில் ஃபேஸ் திசை "ஜே" என்றோ "ஜே கழித்தல்" என்றோ இருக்கும். எழுத்து எந்த அச்சு என்பதைச் சொல்கிறது. கழித்தல் குறி எந்தப் பக்கம் என்பதை.

ஃபீல்டு மேப்பை வைத்து எஃப்.எஸ்.எல். என்ற மென்பொருள் தொகுப்பின் எஃப்யூக் போன்ற கருவியில் திருத்துகிறவர்கள் அதிகம் யோசிக்கவேண்டாம். இரண்டு குறியிலும் ஒருமுறை ஓட்டுங்கள். இரண்டு விடைகளையும் அதே நபரின் டி1 படத்தின்மேல் (அது கோணலாகாத உடற்கூற்றுப் படம்) வைத்து மாற்றி மாற்றிப் பாருங்கள். மூளைத்தண்டின் முன்விளிம்பும் நெற்றிமடலின் அடிப்பகுதியும் எதில் டி1 படத்தோடு ஒட்டி நிற்கின்றனவோ அதுதான் சரி. சில நிமிட வேலை. காகிதத்தில் முன், பின், கூட்டல், கழித்தல் என்று படம் வரைந்து குழம்புவதைவிட இது மேல். நானே இன்னும் இப்படித்தான் செய்கிறேன்.

எதிரெதிர்த் திசையில் எடுத்த இரண்டு படங்களை, அவற்றை ஒப்பிட்டுத் திருத்தும் டாப்அப்பில் (இதுவும் எஃப்.எஸ்.எல். கருவிதான்) கொடுக்கிறவர்களுக்கு விஷயம் சற்று நுணுக்கமானது. சீமென்ஸ் கருவியில் சாய்வில்லாத குறுக்குவெட்டுப் படம் முன்னிருந்து பின்னாக எடுக்கப்பட்டால் அளவுருக் கோப்பின் (படங்களின் திசையையும் ரீட்அவுட் நேரத்தையும் எழுதிக்கொடுக்கும் கோப்பு) வரி 0 -1 0 என்று தொடங்கும். பின்னிருந்து முன்னாக எடுத்தால் 0 1 0. இரண்டையும் இடம்மாற்றி எழுதிவிட்டால் என்ன ஆகும்? படம் அப்படியே நேராகத்தான் வரும்! காந்தப்புல வரைபடம் மட்டும் தலைகீழாகும். அதனால் பிழை இருப்பதே தெரியாமல் நகர்ந்துவிடுவீர்கள். பிறகு அந்த வரைபடத்தை எடுத்து வேறொரு செயல்பாட்டுப் படத்தில் பயன்படுத்தும்போது அந்தப் படம் மோசமாகும்.

இன்னொரு வகை: டாப்அப் கொடுத்த பி-பூஜ்யம் (டிஃப்யூஷன் எடை சேர்க்காத) படம் அழகாக இருக்கிறது, எடி (டிஃப்யூஷன் தொகுதி முழுவதையும் திருத்தும் கருவி) ஓட்டிய பின் வந்த டிஃப்யூஷன் படங்கள் கெட்டுவிட்டன. முதலில் சுட்டெண் கோப்பைப் பாருங்கள். ஒவ்வொரு படமும் அளவுருக் கோப்பின் எந்த வரியைச் சேர்ந்தது என்று அதில்தான் எழுதியிருக்கும். 1 இருக்கவேண்டிய இடத்தில் 2 இருந்தால் எல்லாம் எதிர்ப்பக்கம் போகும். அது சரியென்றால், டாப்அப்புக்கு ஒரு அளவுருக் கோப்பும் எடிக்கு நடுவில் "சரிசெய்த" வேறொரு கோப்பும் கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். இரண்டுக்கும் ஒரே கோப்பு இருக்கவேண்டும். நடுவில் குறியை மாற்றத் தோன்றினால் டாப்அப்பிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

இந்த அறிகுறிக்கு யாரையும் அழைக்கவேண்டியதில்லை. உட்கார்ந்த இடத்திலேயே தீரும்.

அறிகுறி: எதுவுமே மாறவில்லை

முதலில் ஒரு கூச்சமான கேள்வி: திறந்து பார்ப்பது திருத்திய கோப்பைத்தானா? ஒருநாள் மாலை முழுக்க நான் பழைய கோப்பையே பார்த்துக்கொண்டு மென்பொருளைத் திட்டியிருக்கிறேன். கோப்பின் தேதியையும் நேரத்தையும் பாருங்கள்.

அடுத்தது அலகு. பச்சைத் தேயிலையைக் கிலோவில் நிறுத்துவிட்டுச் சீட்டில் கிராம் என்று எழுதினால் தோட்டக்காரரின் கணக்கு என்ன ஆகும்? அதேதான் இங்கேயும். டாப்அப் ரீட்அவுட் நேரத்தை விநாடியில் கேட்கிறது. எஃப்யூக் எக்கோ இடைவெளியை விநாடியில் கேட்கிறது. அதே எஃப்.எஸ்.எல். தொகுப்பின் ஃபீட் (செயல்பாட்டுப் படங்களை அலசும் கருவி) சாளரமோ மில்லிவிநாடியில் கேட்கிறது. எஸ்.பி.எம். தொகுப்பின் ஃபீல்டு மேப் கருவியும் மொத்த ரீட்அவுட் நேரத்தை மில்லிவிநாடியில்தான் கேட்கிறது. ஜேசன் கோப்பில் இருப்பது எப்போதும் விநாடி. ஆகவே 0.0005 என்று ஜேசனில் பார்த்ததை அப்படியே ஃபீட் சாளரத்தில் ஒட்டினால், 0.5 வேண்டிய இடத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைக் கொடுத்ததாகிறது, படம் அசையாது. மாறாக எஃப்யூக்கில் 0.5 என்று கொடுத்தால் மூளை திரையைவிட்டே ஓடிவிடும். பின்னது நல்லது, பிழை உடனே தெரியும்.

டாப்அப்பில் எதுவும் மாறவில்லையென்றால் அலகைத் தேடாதீர்கள். இரண்டு படங்களின் திசையைத் தேடுங்கள். இரண்டையும் ஒரே சாளரத்தில் ஏற்றி மாற்றி மாற்றிக் காட்டுங்கள். கண்விழிகள் முன்னும் பின்னும் குதிக்கவேண்டும். குதிக்கவில்லையென்றால் இரண்டும் ஒரே திசையில் எடுக்கப்பட்டவை. நெறிமுறையை நகலெடுத்துப் பெயரை மட்டும் "எதிர்த்திசை" என்று மாற்றிவிட்டு, உள்ளே திசையை மாற்ற மறந்திருப்பார்கள். இது எனக்கு வந்த தரவில் நடந்தது. ஒரு முழுத் தொகுதி அப்படியே வந்தது. பெயரை நம்பி நானும் இரண்டு நாள் வீணாக்கினேன். இப்போதெல்லாம் பெயரைப் படிப்பதற்கு முன் கண்விழியைப் பார்க்கிறேன்.

இரண்டும் ஒரே திசை என்று உறுதியானால் கணினியில் செய்ய ஒன்றுமில்லை. அடுத்த நோயாளி படுப்பதற்குள் ஸ்கேன் மையத்தின் தொழில்நுட்பருக்குத் தகவல் போகவேண்டும். எடுத்துவிட்ட தொகுதிக்குக் கடைசியில் சொல்லும் மாற்றுவழிதான்.

அறிகுறி: திருத்தம் நடக்கிறது, ஆனால் பாதி அல்லது இருமடங்கு

என் நேரத்தை அதிகம் தின்னும் அறிகுறி இதுதான். பார்வைக்கு "ஓரளவு சரி" என்று தோன்றும். சில ஆய்வுகள் இப்படியே முடிந்துபோயிருக்கும் என்ற சந்தேகம் எனக்கு உண்டு. பெரும்பாலும் ஃபீல்டு மேப் முறையிலும், ஒரு வரிசையில் கண்டுபிடித்த காந்தப்புலத்தை வேறொரு வரிசைக்குப் பயன்படுத்தும்போதும் வரும்.

டாப்அப்புக்குக் கொடுத்த எல்லாப் படங்களுக்கும் ரீட்அவுட் நேரம் ஒன்றே என்றால் அந்த எண் துல்லியமாக இல்லாவிட்டாலும் படம் சரியாகவே வரும். கையேடே 1 என்று போட்டாலும் பரவாயில்லை என்கிறது. கெடுவது ஹெர்ட்ஸில் வரும் புல வரைபடத்தின் அளவு மட்டும். ஆகவே ஒரே நெறிமுறையில் எடுத்த டிஃப்யூஷன் சோடிக்காக இந்த எண்ணைத் தேடி இரவு விழிக்கவேண்டாம். புலத்தை வேறு வரிசைக்குக் கொண்டுபோகும்போதுதான் விழிக்கவேண்டும்.

இப்போது காரணங்கள், எளியதிலிருந்து.

வேகப்படுத்தல் எண்ணை மறந்தீர்களா, அல்லது இருமுறை வகுத்தீர்களா? சீமென்ஸ் திரையில் தெரியும் எக்கோ இடைவெளி உண்மையான இடைவெளி. தளத்துக்குள் 2 மடங்கு வேகப்படுத்தியிருந்தால் (ஒரு வெட்டின் வரிகளில் பாதியை மட்டும் எடுத்திருந்தால்) அதை 2 ஆல் வகுத்துத்தான் பயன்படுத்தவேண்டும். வகுக்க மறந்தால் திருத்தம் இருமடங்கு. ஆனால் டி.சி.எம்.2நிக்ஸ் ஜேசனில் எழுதும் "செயல்படும் எக்கோ இடைவெளி" ஏற்கெனவே வகுக்கப்பட்டது. யாரோ எங்கோ சொன்னதைக் கேட்டு அதையும் 2 ஆல் வகுத்தால் திருத்தம் பாதி. அழைப்பவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: "எண்ணைத் திரையிலிருந்து எடுத்தாயா, ஜேசனிலிருந்து எடுத்தாயா?"

பல வெட்டுகளை ஒரே நேரத்தில் எடுக்கும் மல்டிபேண்டு எண்ணால் வகுக்கக்கூடாது. அது வெட்டுகளுக்கான வேகம். இந்தக் கணக்குக்குள் வராது. பகுதி ஃபூரியே (வரிகளில் ஓர் ஓரத்தை எடுக்காமல் விடும் உத்தி) 6/8 என்றிருந்தாலும் கணக்கு மாறாது. இந்த இரண்டையும் போட்டு வகுத்த தாள்கள் என் மேசையில் இருக்கின்றன.

சந்தேகம் தீர்க்கும் கணக்கு இது. சீமென்ஸ் தரவின் ஜேசனில் ஃபேஸ் திசையில் ஒரு பிக்சலுக்கான பேண்ட்விட்த் (அதிர்வெண் அகலம்) இருக்கும். அதையும், இறுதிப் படத்தில் ஃபேஸ் திசையில் உள்ள வாக்ஸல் (முப்பரிமாணப் பிக்சல்) எண்ணிக்கையையும் பெருக்கி, 1-ஐ அதனால் வகுத்தால் செயல்படும் எக்கோ இடைவெளி கிடைக்கும். உதாரணம்: பேண்ட்விட்த் 31.25 ஹெர்ட்ஸ், வாக்ஸல் 64. பெருக்கினால் 2000, 1-ஐ வகுத்தால் 0.0005 விநாடி. எஃப்.எஸ்.எல். கேட்கும் மொத்த ரீட்அவுட் நேரம் என்பது வாக்ஸல் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து இடைவெளியால் பெருக்கினால் வருவது: 63 பெருக்கல் 0.0005, அதாவது 0.0315 விநாடி.

வேகப்படுத்தியதற்கு ஓர் உதாரணம்: திரையில் எக்கோ இடைவெளி 0.7 மில்லிவிநாடி, தளத்துக்குள் வேகம் 2, வாக்ஸல் 100. செயல்படும் இடைவெளி 0.35 மில்லிவிநாடி. ரீட்அவுட் நேரம் 99 பெருக்கல் 0.00035, அதாவது 0.03465 விநாடி. ஜேசனும் இதையே சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் நெறிமுறையில் ஃபேஸ் ஓவர்சாம்பிளிங் (வேண்டியதைவிட அகலமாக எடுத்து ஓரத்தை வெட்டுவது) வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள்; வைத்திருந்தால் திரை எண்ணிலிருந்து போடும் கைக்கணக்கு தவறும். பேண்ட்விட்த் வழியாகப் போட்ட கணக்கு அதையும் தன்னுள் அடக்கியிருக்கும். இரண்டும் மோதினால் நான் பேண்ட்விட்த் பக்கம்.

திருத்தம் ஏறத்தாழ 6 மடங்கு கூடவோ குறைவாகவோ தெரிந்தால் காரணத்தைத் தேடவே வேண்டாம்: ஹெர்ட்ஸும் ரேடியனும் மாறிவிட்டன. டாப்அப் தரும் புலம் ஹெர்ட்ஸில். எஃப்யூக் எதிர்பார்ப்பது விநாடிக்கு ரேடியன். 6.283 ஆல் பெருக்குங்கள், தீர்ந்தது.

அடுத்தது எக்கோ நேர வித்தியாசம். 3 டெஸ்லா சீமென்ஸ் கருவிகளில் பரவலாகப் பயன்படும் ஃபீல்டு மேப்பில் எக்கோ நேரங்கள் 4.92, 7.38 மில்லிவிநாடி; வித்தியாசம் 2.46. கருவி கேட்கும் எண் இந்த வித்தியாசம். 7.38 என்று கொடுத்தால் புலம் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். மனப்பாடமாக 2.46 என்று தட்டச்சு செய்வதும் ஆபத்து, 1.5 டெஸ்லாவிலும் வேறு நெறிமுறைகளிலும் எண் வேறு. இரண்டு எக்கோக்களின் ஜேசன் கோப்புகளைத் திறந்து கழித்துப் பாருங்கள்.

மூளை முகமூடியையும் (மூளையை மட்டும் வைத்து மற்றதை மறைக்கும் கோப்பு) ஒருமுறை பாருங்கள். ஃபேஸ் படத்தில் மூளைக்கு வெளியே வெறும் இரைச்சல். முகமூடி தளர்வாக இருந்தால் அந்த இரைச்சல் ஓரத்தில் புகுந்து நெற்றியருகே கன்னாபின்னாவென்று இழுக்கும். சற்று இறுக்கமாகவே வெட்டுங்கள்.

இவை எல்லாம் பார்த்தும் கணக்கு உதைத்தால் நெறிமுறை அச்சோடு எம்.ஆர். இயற்பியலாளர் ஒருவரை அணுகுங்கள். "பாதிதான் திருந்துகிறது" என்று மட்டும் சொல்லாமல், 100 ஹெர்ட்ஸ் புலம் உள்ள இடத்தில் எத்தனை வாக்ஸல் நகரவேண்டும், எத்தனை நகர்கிறது என்று எண்ணாகச் சொல்லுங்கள். ரீட்அவுட் நேரம் 0.0315 என்றால் ஏறத்தாழ 3 வாக்ஸல் நகரவேண்டும். இந்த ஒரு வரி அவருடைய அரைநாளை மிச்சப்படுத்தும்.

அறிகுறி: ஜேசன் கோப்பில் ரீட்அவுட் நேரமே இல்லை

பெரும்பாலும் பெயர் நீக்கியதால் வந்த வினை. நோயாளியின் அடையாளத்தை அழிக்கும் மென்பொருள்கள் தயாரிப்பாளரின் தனிப்பட்ட டைகாம் புலங்களையும் சேர்த்தே துடைத்துவிடும். நேர எண்கள் அங்கேதான் இருக்கின்றன. முதல் வேலை: பெயர் நீக்காத அசல் டைகாமை அதே மையத்தில் வைத்தே நிஃப்டியாக மாற்றித் தரச் சொல்லுங்கள். ஜேசன் கோப்பில் அடையாளம் ஏதும் மிஞ்சியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வெளியே எடுங்கள். இரண்டாவது: டி.சி.எம்.2நிக்ஸ் பழைய பதிப்பாக இருந்தால் புதுப்பியுங்கள். காசில்லாமல் தீரும் வழிகள் இவை.

அப்புறம் கருவியைப் பொறுத்தது.

சீமென்ஸ்: பேண்ட்விட்த் புலம் இருந்தால் மேலே சொன்ன கணக்கு. இல்லாவிட்டால் நெறிமுறை அச்சிலிருந்து எக்கோ இடைவெளியும் வேகமும்.

பிலிப்ஸ்: எக்கோ இடைவெளி நேரடியாகக் கிடைக்காது. கொழுப்பு-நீர் விலகலும் (கொழுப்பின் படம் நீரின் படத்திலிருந்து எத்தனை பிக்சல் தள்ளி விழுகிறது என்பது) ஈ.பி.ஐ. காரணியும் கிடைக்கும். 3 டெஸ்லாவில் கொழுப்புக்கும் நீருக்கும் இடையிலான அதிர்வெண் வித்தியாசம் ஏறத்தாழ 434 ஹெர்ட்ஸ். விலகல் 12 பிக்சல், காரணி 51 என்று வைத்துக்கொள்வோம். காரணியில் ஒன்றைக் கூட்டி 52. 434 ஆல் பெருக்கி, 12-ஐ அதனால் வகுத்தால் 0.00053 விநாடி. அதைக் காரணியாகிய 51 ஆல் பெருக்கினால் ரீட்அவுட் நேரம் 0.0271. இங்கே சென்ஸ் (பிலிப்ஸில் தளத்துக்குள் வேகத்தின் பெயர்) எண்ணால் வகுக்கக்கூடாது; ஈ.பி.ஐ. காரணி உண்மையில் எடுத்த வரிகளின் எண்ணிக்கை என்பதால் வேகம் அதற்குள்ளேயே அடங்கிவிட்டது. புதிய டி.சி.எம்.2நிக்ஸ் இதை "மதிப்பீடு" என்ற முன்னொட்டோடு எழுதித்தரும். குறிதான் சிக்கல். பிலிப்ஸ் டைகாமில் ஃபேஸ் அச்சு தெரியும், பக்கம் தெரியாது. ஸ்கேன் நாளன்று திரையில் கொழுப்பு விலகும் திசையை யாராவது குறித்துவைத்திருந்தால் நல்லது. இல்லாவிட்டால் முதல் அறிகுறியில் சொன்னபடி இரண்டு பக்கமும் ஓட்டிக் கண்ணால் தேர்ந்தெடுங்கள்.

ஜி.இ.: எக்கோ இடைவெளி மைக்ரோவிநாடியில் இருக்கும், 500 என்றால் 0.0005 விநாடி. அசெட் (ஜி.இ.யில் தளத்துக்குள் வேகத்தின் பெயர்) வேகம் வைத்திருந்தால் அதையும் கணக்கில் எடுக்கவேண்டும். கையால் போடுவதைவிடப் புதிய மாற்றியின் விடையை நம்புவது நல்லது.

எந்த வழியில் வந்தாலும் விடையை ஒருமுறை முறைத்துப் பாருங்கள். சாதாரண மூளை ஈ.பி.ஐ. படத்தில் ரீட்அவுட் நேரம் பெரும்பாலும் 0.02 முதல் 0.1 விநாடிக்குள் இருக்கும். 31.5 என்றோ 0.00003 என்றோ வந்தால் அலகில் வழுக்கிவிட்டீர்கள்.

மையம் அசலை அழித்துவிட்டது, அச்சும் இல்லை என்றால், நெறிமுறை இன்னும் கருவியில் சேமிக்கப்பட்டிருக்கும், தொழில்நுட்பரிடம் கேளுங்கள். நடுவில் கருவியின் மென்பொருள் மேம்படுத்தப்பட்டதா என்பதையும் கேளுங்கள். மேம்படுத்தலுக்குப் பின் எண் மாறியிருக்கலாம்.

அறிகுறி: படம் பக்கவாட்டில் இழுபடுகிறது

முன்பின் எடுத்த படம் இடவலமாகப் பிதுங்கினால் அளவுருக் கோப்பில் 1 தவறான நெடுவரிசையில் இருக்கிறது. அதுவும் சரியென்றால், மாற்றிய பின் யாரோ படத்தைத் திருப்பியிருக்கிறார்கள். "ஜே" என்பது கோப்பில் உள்ள இரண்டாவது அச்சைக் குறிக்கிறது, மூளையின் முன்பின்னை அல்ல. படத்தை நிலையான நோக்குக்குத் திருப்பினால் ஜேசன் கோப்பு தானாகத் திருத்திக்கொள்ளாது. திருப்பாத படத்திலேயே திருத்தத்தைச் செய்துவிட்டுப் பிறகு திருப்புங்கள்.

அறிகுறி: டாப்அப் ஆரம்பிக்கும்போதே நின்றுவிடுகிறது

சப்சாம்ப்ளிங் பொருந்தவில்லை என்ற செய்தி வந்தால் பெரும்பாலும் வெட்டுகளின் எண்ணிக்கை ஒற்றைப்படை என்று அர்த்தம். வழக்கமான அமைப்புக் கோப்பு படத்தைப் பாதியாகச் சுருக்கிப் பார்க்கும். 65 வெட்டைப் பாதியாக்க முடியாது. ஒரு வெட்டைத் தூக்கியெறியச் சொல்லும் ஆலோசனையை அடிக்கடி கேட்பீர்கள். மல்டிபேண்டு தரவில் அதைச் செய்யாதீர்கள்: எந்தெந்த வெட்டு ஒன்றாக எடுக்கப்பட்டது என்ற வரிசை உடைந்துவிடும், பிறகு எடியில் வெட்டுவாரி அசைவுத் திருத்தம் தவறாகும். சுருக்காத அமைப்புக் கோப்பு எஃப்.எஸ்.எல். தொகுப்பிலேயே வருகிறது. மெதுவாக ஓடும், ஓடட்டும்.

வரிகளின் எண்ணிக்கை பொருந்தவில்லை என்றால் இணைத்த கோப்பில் எத்தனை படங்கள் என்று எண்ணுங்கள். அத்தனை வரிகள் அளவுருக் கோப்பில் இருக்கவேண்டும், அதே வரிசையில். கடைசி வரிக்குப் பிறகு ஒரு வெற்று வரி விடுங்கள். சிலருக்கு அதிலேயே தீர்ந்திருக்கிறது.

நடுவழியில் நின்றால், அது எங்கள் ஊர்ப் பிரச்சினை. மின்சாரம் போய் யு.பி.எஸ். மூச்சுவிட்டபின் பாதி எழுதிய கோப்புகள் அதே பெயரில் கிடக்கும். அவற்றை அழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். பென்டிரைவில் பஸ்ஸேறி வந்த தரவாக இருந்தால் நகலெடுத்த கோப்பின் அளவை அசலோடு ஒப்பிடுங்கள். ஒருமுறை ஒரு கோப்பு குறைவாக வந்து, மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் மறுபடி இறங்கி ஏறினேன்.

அறிகுறி: எல்லாம் நேராகிவிட்டது, ஓரிடம் மட்டும் அடம்பிடிக்கிறது

நெற்றிக்குக் கீழே கரும்பள்ளம் அப்படியே இருக்கிறதா? செயல்பாட்டுப் படங்களில் அது சிக்னல் இழப்பு. நேர எண்களை எப்படித் திருகினாலும் இல்லாத சிக்னல் வராது. பல்லில் கம்பி போட்டவரின் படத்தில் இந்தப் பள்ளம் முகம் முழுக்கப் பரவியிருக்கும். அந்த நபரை ஆய்விலிருந்து விலக்குவதா என்று வழிகாட்டியிடம் கேளுங்கள்.

டிஃப்யூஷன் படங்களைத் திசைவாரியாக ஓட்டிப் பார்க்கும்போது மூளையின் விளிம்பு ஒவ்வொன்றிலும் சற்றே விரிந்து சுருங்கினால் அது சுழல் மின்னோட்டம். டாப்அப் மட்டும் போதாது, எடி ஓடவேண்டும்.

சோடிப் படங்கள் இரண்டும் வெவ்வேறு நேரத்தில் எடுக்கப்பட்டு, நடுவில் நோயாளி எழுந்து போய் வந்திருந்தால் புலமே மாறியிருக்கும். சீமென்ஸ் ஜேசனில் ஷிம் (காந்தப்புலத்தைச் சீராக்கும் அமைப்பு) எண்கள் வரிசையாக இருக்கும். இரண்டு கோப்பிலும் அவை ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். வேறாக இருந்தால் அந்தச் சோடியை நம்பாதீர்கள்.

மூளையின் மங்கலான நகல் ஒன்று ஃபேஸ் திசையில் பாதிப் படம் தள்ளி ஆவிபோல் நின்றால், கணினியை மூடுங்கள். அது ஸ்கேனரின் விஷயம். எல்லாருடைய படத்திலும், பாண்டம் (சோதனைக்கு வைக்கும் மாதிரிப் பொருள்) படத்திலும் தெரிந்தால் பராமரிப்புப் பொறியாளர் வரவேண்டும். அவரை அழைக்கவேண்டியது மையம். நீங்கள் செய்யவேண்டியது, எந்தத் தேதியிலிருந்து தெரிகிறது என்று படத்தோடு எழுதிக்கொடுப்பது.

அறிகுறி: எதிர்த்திசைப் படமும் இல்லை, ஃபீல்டு மேப்பும் இல்லை

பழைய தரவோடு வருகிறவர்களின் நிலை இது. டி1 படம் இருந்தால் சின்பி0-டிஸ்கோ என்ற கருவி திரிபில்லாத செயற்கை பி-பூஜ்யம் படம் ஒன்றை உருவாக்கித் தரும். அதை உண்மைப் படத்தோடு சோடி சேர்த்து டாப்அப்பில் கொடுக்கலாம். அளவுருக் கோப்பில் இரண்டாவது வரியின் ரீட்அவுட் நேரம் 0 என்று இருக்கவேண்டும். பூஜ்யத்தைப் பார்த்துப் பிழை என்று எண்ணி முதல் வரியின் எண்ணையே அங்கேயும் போட்டுவிடாதீர்கள். திரிபே இல்லாத படத்துக்கு நேரம் பூஜ்யம்தான். என் அனுபவத்தில் இது சுமாரிலிருந்து நன்று வரை போகும். உண்மையான எதிர்த்திசைப் படத்துக்கு ஈடாகாது.

மறு ஸ்கேன் சாத்தியமென்றால் அதையே கேளுங்கள். தொழில்நுட்பரிடம் கேட்கும்போது "டிஸ்டார்ஷன் திருத்தத்துக்கு வேண்டும்" என்று மட்டும் சொன்னால் அவருக்குப் புரியும் என்பது நிச்சயமில்லை. இப்படிச் சொல்லுங்கள்: டிஃப்யூஷன் நெறிமுறையை அப்படியே நகலெடுங்கள், எக்கோ இடைவெளி, வேகம், வெட்டு எண்ணிக்கை, பார்வைப் பரப்பு எதையும் தொடாதீர்கள், ஃபேஸ் திசையை மட்டும் எதிர்ப்பக்கம் திருப்புங்கள், பி மதிப்பு பூஜ்யத்தில் சில படங்கள் போதும், முதல் வரிசை முடிந்த கையோடு, நோயாளி எழும்முன், மறுபடி ஷிம் செய்யாமல் எடுங்கள். கூடுதலாக ஓரிரு நிமிடம் ஆகும். முடிந்ததும் இரண்டு படங்களையும் அங்கேயே திரையில் மாற்றி மாற்றிக் காட்டச் சொல்லிக் கண்விழி குதிக்கிறதா என்று பாருங்கள். குதித்தால் நெறிமுறையை அச்செடுத்துக்கொண்டு கிளம்பலாம்.